ஸ்கூபா பயிற்றுநர் தொழில் வல்லுநரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் முழுகும் ஸ்கூபாவைக் கற்பிக்கும் பயிற்றுநர்களும், முழுகுவோரை வழிநடத்தும் டைவ் மாஸ்டர்களும் பொழுதுபோக்கைக் காசாக்கிக்கொண்டவர்களே தவிரத் தொழில் வல்லுநர்கள் அல்லர் என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரையில் பாதி உண்மை இருக்கிறது. 1966-இல் தொடங்கிய 'பாடி' (PADI, தொழில்முறை முழுக்குப் பயிற்றுநர் சங்கம்) என்ற பயிற்சி அமைப்பு 'தொழில்முறை' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்டிருந்தாலும், அதன் விதிப்படி டைவ் மாஸ்டர் ஆவதற்கு 18 வயது நிரம்பி 60 முறையும், பயிற்றுநர் ஆவதற்கு 100 முறையும் முழுகியிருந்தால் அனுபவக் கணக்கு நேராகிவிடுகிறது. வேறெந்தத் துறையிலும் இவ்வளவு விரைவாக ஒருவரை வல்லுநர் என்று அழைக்கமாட்டோம்.

ஆனால் ஊதியத்தையோ பயிற்சிக் காலத்தையோ மட்டும் அளவுகோலாகக் கொள்வது சரியல்ல. பிரிட்டனில் முழுக்குக் கழகங்களின் பயிற்றுநர்கள் பலர் ஊதியமின்றியே கற்பிக்கிறார்கள். அவர்கள் சுமக்கும் பொறுப்பு அதனால் குறைந்துவிடுவதில்லை. நான் கற்றுக்கொண்டபோது, ஆறு மீட்டர் ஆழத்தில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியில் மூக்கில் நீர் ஏறவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய முயன்றேன். பயிற்றுநர் ஒரு கையால் என் தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தி, மறு கையால், உருளைக் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயோடு அழுத்தி, என் வாயிலிருந்து குமிழிகள் வெளிவரும்வரை விடவில்லை. பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அடைபட்ட காற்று இரு மடங்காக விரியும். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில்கூட மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியக்கூடும். மறுநாள் நீர் கலங்கியிருந்தது. முதலாளியின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் அவர் படகைத் திருப்பச் சொன்னார். வருமானம் போனாலும் 'இன்று வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவரை வேறு என்னவென்று அழைப்பது?

கட்டுரையாளர் தொடாத குறை ஒன்று உண்டு. முழுகுவோருக்கும் பயிற்றுநர்களுக்குமான ஐஎஸ்ஓ 24801, 24802 என்ற சர்வதேசத் தரநிலைகள் பயிற்சியின் குறைந்தபட்ச அளவை வரையறுக்கின்றனவே ஒழிய, தவறு செய்தவரை விசாரிப்பது அவற்றின் வேலையல்ல. பல நாடுகளில் பாடத்திட்டத்தை விற்று, தகுதிச் சான்று அட்டை வழங்கி, புகாரையும் விசாரிப்பது ஒரே பயிற்சி அமைப்புதான். பிரான்சில் ஊதியம் பெற்று முழுக்குக் கற்பிக்க அரசு அங்கீகரித்த பட்டயம் வேண்டும். அத்தகைய ஏற்பாட்டோடு, அட்டை விற்காத ஒரு தனி அமைப்பு பராமரிக்கும் பொதுப் பதிவேடும் எங்கும் வேண்டும் என்பது என் கோரிக்கை. என் பயிற்றுநரின் அட்டையை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவர் மீது புகார் ஏதும் உண்டா என்று விசாரிக்க, அந்த அட்டையை வழங்கியவர்களைத் தவிர வேறு வாசல் இருக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்