கயிறு பிடித்த கைகளுக்கு நன்றி

ராமநாதபுரம் கடற்கரைக் கலைஞர்களைப் பற்றிய எங்கள் தொகுப்பு ஒருவழியாக முடிந்துவிட்டது. தொண்டி முதல் சாயல்குடி வரை அலைந்ததில் சோறு போட்டவர்கள், வழி காட்டியவர்கள், ஊர்க்கூட்டத்தில் எங்களுக்காகப் பேசியவர்கள் என்று நிறையப் பேர். எல்லோரையும் இங்கே சொல்லி முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி பாம்பன் பக்கத்தில் கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைப் பெரியவர்களுக்கு. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்காகத்தான் இந்த வேலையையே தொடங்கினோம். திண்ணையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னபோது இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. "கையில கயிறு இல்லாம எப்படித் தம்பி வரும்?" என்றார் ஒரு ஐயா. சரி என்று மறுநாள் விடியலில் நாங்களும் கயிறு பிடித்தோம். அவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடினார்கள். வலை கரைக்கு வர வர வரிகள் சுருங்கின. மீன் சேரும் வலையின் மடி மணலைத் தொட்டபோது பாட்டு வெறும் கூவலாக இருந்தது. அன்று பதிவானதில் பாதி காற்றின் இரைச்சல்தான். மறுவாரம் படகின் மறைவில் கருவியை வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் அங்கிருந்த ஒரு பள்ளிக்கூடப் பையன். தம்பி, உனக்கும் நன்றி.

விசைப்படகில் வலையை வின்ச் இயந்திரமே இழுத்துவிடுகிறது. அங்கே இந்தப் பாட்டுக்கு வேலை இல்லை. அதனால்தான் எங்களுக்கு இவ்வளவு அவசரம்.

ராமலிங்க விலாசம் அரண்மனையில் பொறுமையாகச் சுற்றிக்காட்டிய காவலாளி அண்ணனை மறக்க மாட்டோம். ராமநாதபுரம் மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் (1713–1725) சுவரோவியங்கள் அவை. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர்க் காட்சியின் முன்னால் நின்றபோது, இதை வரைந்த கை யாருடையது என்று பேச்சு வந்தது. தொகுப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயரை முதலில் போடுவது என்று அங்கேதான் முடிவு செய்தோம். ராமநாதபுரம் என்றதும் பாடகர் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரையும் மிருதங்க வித்வான் முருகபூபதியையும் சங்கீத உலகம் சொல்லும். அம்பா பாடுகிறவரின் பெயர் அவர் தெருவைத் தாண்டுவதில்லையே!

கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களில் உள்ள பூ வேலைப்பாட்டை ஒவ்வொன்றாகக் காட்டிய காக்காவுக்கும் (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), ஓலையை வகிர்ந்து நனைத்துப் பெட்டி முடைவதை எங்கள் விரலைப் பிடித்தே சொல்லிக் கொடுத்த சாயல்குடி அக்காமாருக்கும் நன்றி. வரைபடம் இல்லாமல் வள்ளம் கட்டும் படகுத் தச்சர், ஓடாவி ஐயா, படம் எடுக்க வேண்டாம் என்றார். எடுக்கவில்லை. ஆனால் மூன்று நாள் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாரே, அதுவே பெரிது.

பதிவுகளின் பிரதிகளைப் பாடியவர்களின் வீடுகளுக்கு நாங்களே நேரில் கொண்டுவந்து தருவோம்.

அப்புறம், பாம்பன் ஐயா அன்று மூச்சு வாங்கிப் பாதியில் விட்ட அம்பாவின் மிச்ச வரிகளை, அவர் மருமகள் நேற்று இரவு போனில் பாடிக் காட்டினார். அந்த அக்காவின் பெயரையும் சேர்த்துவிட்டோம். நன்றி அக்கா.