பாரிஸில் தமிழர் கடைத்தெருவான லாசப்பலின் தையல்கடை அக்காவுக்கும், அந்த இரவில் உடன் நின்ற எல்லாருக்கும்

அன்பு உறவுகளே,

வெள்ளி மாலையிலிருந்து சனி விடியும் வரை நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதவில்லை. ஜூடோ உடைகள் இருந்த எங்கள் பயணப் பெட்டிகள் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் பிள்ளைகள் இருவரும் பெர்சி அரங்கின் போட்டிப் பாய்மேல் ஏறினார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

பாரிஸ் கிராண்ட் ஸ்லாம் ஜூடோ போட்டியில் பெண்கள் 48 கிலோ பிரிவும் ஆண்கள் 60 கிலோ பிரிவும் ஒரே நாளில், முதல் நாளிலேயே வந்துவிடும். ஆளுக்கு வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என ஜூடோகி, அதாவது ஜூடோ உடை, வேண்டும். முதலில் பெயர் சொல்லி அழைக்கப்படுபவர் வெள்ளை, அடுத்தவர் நீலம். சுற்றுக்குச் சுற்று நிறம் மாறலாம் என்பதால் ஒன்றை வைத்துச் சமாளிக்க வழியில்லை. ஆக, விடிவதற்குள் நான்கு சட்டைகள். நான்கின் முதுகிலும் பெயரும் நாட்டுக் குறியீடும் உள்ள துணி தைத்திருக்க வேண்டும். ஊக்கு குத்திக்கொண்டு போனால் உடைப் பரிசோதனையைத் தாண்ட முடியாது. அந்த முதுகுத் துணிகள் மட்டும் கைப்பையில் இருந்தன.

சட்டைகளைக் கடன் கொடுத்தவை மூன்று நாட்டு அணிகள். அந்தப் பயிற்சியாளர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்து நீட்டவில்லை, அளந்து பார்த்துத் தந்தார்கள். கையை முன்னே நீட்டினால் சட்டைக்கை மணிக்கட்டை மூட வேண்டும். கைக்கும் துணிக்கும் நடுவில் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி நீளம் முழுக்க இருக்க வேண்டும். முன்பக்க மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக 20 சென்டிமீட்டராவது ஏற வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மாற்று உடைக்கு ஓட வேண்டும்; பயிற்சியாளரும் அந்தச் சண்டைக்குப் பாயோர நாற்காலியில் உட்கார முடியாது. பலமுறை துவைத்துச் சுருங்கி நின்றுவிட்ட சட்டைகளாகத் தேடித் தந்தது பெரிய உதவி. புதுப் பருத்தியை நம்பவே முடியாது.

இனி அக்காவுக்கு வருகிறோம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

சாரி பிளவுஸ் தைக்கும் கடை. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவர், கையில் இருந்த சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஷட்டரை ஏற்றினார். “பயப்பிடாதைங்கோ, விடியக்குள்ள தாறன்” என்றார். முதல் வேலையாகப் பழைய முதுகுத் துணிகளை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். இழுத்துக் கிழித்தால் நெசவு ஓட்டையாகிவிடும். மிஷினில் 18-ம் நம்பர் ஊசி மாட்டினார், பாலியெஸ்டர் நூல் கோத்தார், தையல் நீளத்தை 4 மில்லிமீட்டருக்குக் கூட்டினார், பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்தார்.

ஜூடோகியின் மேல்பாகம் அரிசி மணிபோலப் புடைத்த தடித்த நெசவு. மிஷினின் பாதத்துக்குக் கீழே அது இழுபடும், முதுகுத் துணி இழுபடாது. மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாகத் தைத்தால் கடைசி மூலையில் துணி பை போல உப்பிக்கொள்ளும். எதிராளியின் விரல் அதற்குள் மாட்டினால் விரலுக்கு ஆபத்து, துணியும் கிழியும். இதை நாங்கள் சொல்லத் தேவைப்படவில்லை. நடுவிலிருந்து நான்கு பக்கமும் கையால் ஓட்டுத்தையல் போட்டு, பிள்ளைக்கு மாட்டிக் குனியச் சொல்லிப் பார்த்த பிறகுதான் மிஷினில் வைத்தார். மூலைகளில் இரட்டைத் தையல்.

மூன்றாவது சட்டையில் ஊசி உடைந்தது.

அப்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வேறு ஊசி மாட்டித் தொடர்ந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்கா உடைந்த பாதியை வெள்ளைத் தாளில் வைத்தார். முனையைக் காணவில்லை. 3 மில்லிமீட்டர்கூட இருக்காது, அந்த நெசவுக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. குண்டூசி பொறுக்கும் காந்தத்தை எடுத்து, சட்டையை விரித்து, தோளிலிருந்து கீழாக விரல் விரலாக நகர்த்தினார். இருபது நிமிடம். கழுத்துப்பட்டி சேரும் மடிப்பில் அகப்பட்டது. தாளில் இருந்த பாதியோடு பொருத்தி, முழு ஊசியும் இருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த ஊசியைத் தொட்டார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இது விதி. இரவு இரண்டு மணிக்கு, மேற்பார்வை பார்க்க ஆளில்லாத கடையில், அவராகச் செய்தார்.

சட்டையைப் போடுகிற பிள்ளைக்குக் குத்தும் என்பதால் இவ்வளவு சிரமமா என்று கேட்டோம். “பிடிக்கிறவைக்கும் குத்துமல்லோ. ஆற்ற பிள்ளையா இருந்தா என்ன?” என்றார்.

தோளுக்கு மேலாகக் கைபோட்டு முதுகைப் பிடிக்கும் எதிராளியின் உள்ளங்கை சரியாக அந்த இடத்தில்தான் விழும். தரைச்சண்டையில் கன்னம் அதில் உரசும். ஜூடோவைப் பார்த்தே இராதவர் அதை நினைத்தார். தானும் பிறரும் சேர்ந்து தழைப்பது என்று ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ அதற்கு வகுத்த கொள்கையை எத்தனையோ பயிற்சிக்கூடச் சுவர்களில் படித்திருக்கிறோம். அன்றிரவு அதை ஒரு காந்தத்தின் நுனியில் பார்த்தோம்.

மற்றவர்களை ஒரே பத்தியில் சேர்ப்பதற்கு மன்னியுங்கள். உடைக்குள் பெண்கள் போட வேண்டிய வட்டக்கழுத்து வெள்ளை டி-ஷர்ட்டுக்காகக் கடை திறந்த அண்ணா, எடை பார்த்து முடிந்ததும் உப்புக்கஞ்சி அனுப்பிய வீட்டார் (காலையில் திடீர் எடைப் பரிசோதனைக்கு அழைத்தால் 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கக் கூடாது, 48-க்கு 50.4 கிலோ, அதைக் கேட்டு அளவாக ஊற்றித் தந்தார்கள்), கார் து நோர் நிலையத்தில் முதல் ரயிலைப் பிடித்து, கார் து லியோன் நிலையத்தில் மெட்ரோ 14-ம் லைனுக்கு மாறி, சட்டைகளை பெர்சி வாசலில் தந்த தம்பி, எங்கள் உடைந்த பிரெஞ்சைத் திருத்திப் பேசிய தங்கைகள். ஒருவரையும் மறக்கவில்லை.

இனி எந்தப் பயணத்திலும் ஆளுக்கு ஒரு வெள்ளை ஜூடோகியும் இடுப்புப்பட்டியும் கைப்பையிலேயே வரும், முதுகுத் துணிகளோடு. பெட்டியில் கூடுதலாக ஒரு ஜோடி இருக்கும், எந்த நாட்டு அணி கேட்டாலும் கொடுப்பதற்கு. தையல் டப்பாவில் 18-ம் நம்பர் ஊசி ஆறு, வெள்ளை நூல், அக்கா கொடுத்துவிட்ட மிச்ச நீல நூல்கட்டை, ஒரு காந்தம்.

கடன் தந்த அணிகளுக்கு: நான்கு சட்டைகளும் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காய்ந்துவிட்டன. உங்கள் முதுகுத் துணிகளை அக்காவே பழைய இடத்தில் திரும்பத் தைத்துவிட்டார். நாளைக் காலை அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
பிள்ளைகள் இருவரும், பயிற்சிக் குழுவினரும்