நான்கு டயரும் ஒரே அளவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் வாகனப் பக்கத்தில் டொயோட்டாவின் எம்ஆர்2 ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி வந்த கட்டுரையை வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பட்டறைகளில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். இன்ஜினை இரண்டு அச்சுக்கும் நடுவில் வைத்த நடு இன்ஜின் வண்டிக்குத் தமிழில் இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ஓரத்துக் கட்டத்தில் "டயர்: 195/60 ஆர்14, நான்கும்" என்று போட்டிருக்கிறீர்கள். அச்சுப்பிழை என்று விட்டுவிட முடியாத தவறு அது. 1989இல் வந்த அந்த வண்டியில் அந்த அளவு முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்பக்கத்துக்கு 205/60 ஆர்14. முதல் எண் டயரின் அகலம் மி.மீ. கணக்கில், கடைசி எண் வீலின் அளவு அங்குலத்தில். பத்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்தப் பத்து போதாது என்று டொயோட்டாவே முடிவுக்கு வந்து வண்டியின் பின்பாதியைத் திருத்தியது. கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

1984இல் வந்த முதல் எம்ஆர்2 சின்ன வண்டி. 1.6 லிட்டர் இன்ஜின், ஒரு டன்னை ஒட்டிய எடை, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,320 மி.மீ. கொரோலா குடும்பத்து இன்ஜினையே எடுத்து, சீட்டின் முதுகுக்குப் பின்னால் குறுக்காக உட்கார வைத்தார்கள். புதிதாக இன்ஜின் வடிக்காததால் விலை கைக்குள் நின்றது. 1989இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது கட்டம் கட்டமான உடம்பு போய் உருண்டு திரண்ட உடம்பு வந்தது. 2 லிட்டர் இன்ஜின், கேட்டவர்களுக்கு இன்ஜினுக்குள் காற்றைத் திணித்துச் சக்தி கூட்டும் டர்போ, அச்சிடைத் தூரம் 2,400 மி.மீ., எடை 1,200 கிலோவுக்கு மேல். ஏழைகளின் ஃபெராரி என்ற பேரும் அப்போது ஒட்டிக்கொண்டது. துணிச்சலான மறுவடிவமைப்பு என்று கட்டுரை பாராட்டுவது இந்தக் கட்டத்தைத்தான். எங்களைக் கேட்டால், நிஜமான துணிச்சல் அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது.

பளுதூக்கும் கம்பியின் இரண்டு முனையிலும் இரும்புத் தட்டை மாட்டி, நடுவில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பிறகு தட்டுகளை நடுவுக்கு நகர்த்தித் திருப்புங்கள். இரண்டாம் முறை லேசாகத் திரும்பும். இன்ஜினை இரண்டு அச்சுக்கும் நடுவில் வைப்பதன் சூட்சுமம் இதுதான். ஸ்டியரிங்கை ஒடித்தவுடன் வண்டி திரும்பும். கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் ஓடும் ஃபார்முலா வண்டிகளிலும் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருப்பது இதற்காகத்தான். ஆனால் லேசாகத் திரும்பத் தொடங்கும் வண்டி, வேண்டிய அளவைத் தாண்டியும் லேசாகத் திரும்பிவிடும்.

வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கிறார் என்று வையுங்கள். பாரம் முன்னால் சாய்கிறது, பின்பக்கம் மேலே எழுகிறது. இங்கேதான் 1989 வண்டியின் குறை. பின்சக்கரத்தின் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் பிடித்து வைத்திருப்பது டோ லிங்க் என்னும் தண்டு. ஒரு முனை சேஸில் கட்டுண்ட தண்டின் மறுமுனை வில்லாக வளைந்துதான் மேலும் கீழும் நகரும். தண்டு குட்டையாக இருந்தால் வில் அதிகம் வளையும். சக்கரம் அதே அளவு ஏறி இறங்கினாலும் அந்த முனை பக்கவாட்டில் கூடுதலாக இழுபடும், சக்கரத்தின் முகம் திரும்பிவிடும். பின்பக்கத்தில் பாரம் குறைந்த அதே நொடியில் முகமும் திரும்பினால் வண்டியின் வால் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். கட்டுரை இதை "ஓட்டுநர்களின் அனுபவமின்மை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அனுபவமின்மை உண்டு, மறுக்கவில்லை. அதைக் கொஞ்சமும் பொறுத்துக்கொள்ளாத அமைப்பும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் 1991 கடைசியில் தொடங்கி, அமெரிக்காவுக்கு 1993 மாடலாகப் போன வண்டியில் டோ லிங்க்கை நீளமாக்கினார்கள். ஸ்பிரிங்கை மாற்றினார்கள். வீல் 14 அங்குலத்திலிருந்து 15 ஆனது. முன் டயர் 195/55 ஆர்15, பின் டயர் 225/50 ஆர்15. முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த 10 மி.மீ. வித்தியாசம் 30 ஆயிற்று. பின்பக்கத்துக்குப் பிடி கூடினால் எல்லை தாண்டும்போது முன்பக்கம் முதலில் நழுவும். முன்பக்கம் நழுவுவது ஸ்டியரிங் பிடித்த கைக்கே தெரியும், காலை மெல்லத் தளர்த்தினால் வழிக்கு வந்துவிடும். பின்பக்கம் நழுவினால் அது தெரிய வருவதற்குள் வண்டி பாதி திரும்பியிருக்கும். நன்றாக விற்றுக்கொண்டிருந்த வண்டியின் அடிப்பாகத்தைப் பிரித்துத் திருத்த ஒரு நிறுவனத்துக்கு நெஞ்சுரம் வேண்டும். ஷோரூமில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

திருத்தம் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பொன்டியாக் ஃபியரோ சாட்சி. அதுவும் 1984இல் வந்த நடு இன்ஜின் வண்டிதான், விலையும் எட்டக்கூடியதுதான். செலவை மிச்சம் பிடிக்க, சக்கரங்களை வண்டியோடு பிணைத்துத் தாங்கும் சஸ்பென்ஷனில் முன்பக்கத்தை ஷெவெட் என்ற சின்னக் காரிலிருந்து எடுத்தார்கள். வேறொரு முன்சக்கர ஓட்டக் காரின் முன்பாகத்தை அப்படியே பின்னால் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் வருஷ வண்டிகளில் ஆயில் குறைந்து, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு முறிந்து, சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் கொட்டித் தீப்பிடித்தது பேரைக் கெடுத்தது. 1988இல் சஸ்பென்ஷனை முழுதும் புதிதாகச் செய்தார்கள், நல்ல வேலை. அந்த வருஷத்தோடு வண்டியையே நிறுத்திவிட்டார்கள்.

டயர் சங்கதி நம் ஊருக்கும் புதிதில்லை. டாடா நானோவில் 624 சிசி இன்ஜின் பின்னால் இருக்கிறது. முன் டயர் 135/70 ஆர்12, பின் டயர் 155/65 ஆர்12. பாரம் இருக்கும் பக்கத்துக்கு அகலம் கூடுதல், அதே கணக்கு. தேய்ந்ததும் நான்கையும் ஒரே அளவில் மாட்டிக்கொண்டு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையில் அட்டப்பாடி மலைப்பாதை ஏறுவது நல்லதல்ல. நாளிதழில் "நான்கும்" என்று ஒரு சொல் அச்சானால் டயர் கடையில் அதுவே ஆதாரமாகிவிடும். எங்கள் வருத்தம் அதுதான்.

எம்ஆர்2 இங்கே அபூர்வம். ஆனாலும் வளைகுடாவில் வேலை செய்யும் நம் வட்டாரப் பிள்ளைகள் அங்கே பழைய வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேட்பதுண்டு. அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறோம். வீலின் அளவை வைத்து வருஷத்தை முடிவு செய்யாதீர்கள், பழைய வண்டியில் 15 அங்குல வீலை மாட்டியிருப்பார்கள். தயாரிப்பு வருஷத்தைச் சேஸ் எண்ணை வைத்துக் கண்டுபிடியுங்கள். டயரின் பக்கச்சுவரில் அது தயாரான வாரத்தையும் வருஷத்தையும் காட்டும் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்து 23ஆவது வாரம். வளைகுடா வெயிலில் டயர் தரையைத் தொடும் பக்கத்துப் பூப்பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் கட்டிதட்டிப் போயிருக்கும். இந்த வண்டியில் கட்டிதட்டிய பின் டயர் ஆபத்து. வண்டியைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். கிளுக்கென்றால் டோ லிங்க் மூட்டோ வீல் பேரிங்கோ போய்விட்டது. நீளமான தண்டு இருந்தும் மூட்டு தளர்ந்தால் 1989க்கே திரும்பிப் போனது போலத்தான். அலைன்மென்ட் கடையில் முன்சக்கரம் மட்டும் பார்த்து அனுப்புவது வழக்கம். நான்கு சக்கரமும் பார்க்கச் சொல்லி, பின்சக்கரம் உள்நோக்கி நிற்கும் அளவை எழுதி வாங்குங்கள். டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடவே கூடாது.

அடுத்தது இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்ட். நடு இன்ஜின் வண்டிகள் பட்டறையில் அதிகம் கெடுவது இங்கேதான். ரேடியேட்டர் மூக்கில், இன்ஜின் முதுகுக்குப் பின்னால், நடுவில் வண்டியின் அடியோடு ஓடும் நீளக் குழாய்கள். இரண்டாம் தலைமுறை வண்டிக்கு சுமார் 13 லிட்டர் பிடிக்கும். சாதாரணக் காருக்கு ஊற்றுவதுபோல் ஊற்றி மூடினால் பாதி இடத்தில் காற்றுதான் இருக்கும். முன் பானெட்டுக்குள் ரேடியேட்டருக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று எனக் காற்று விடும் திருகுகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூபை இரண்டிலும் மாட்டி, மறுமுனைகளை உயரத் தூக்கிக் கட்டுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். திருகுகளை மூன்று சுற்றுத் தளர்த்தி, பின்னால் இன்ஜின் பக்கத்து வாயில் நிதானமாக ஊற்றுங்கள். இரண்டு டியூபிலும் கூலன்ட் ஏறி, ஊற்றும் வாயின் மட்டத்துக்கு நின்ற பிறகே திருகுகளை மூட வேண்டும். அவசரப்பட்டால் வெப்பம் அறியும் சென்சார் காற்றுக்குள் மாட்டிக்கொள்ளும். மீட்டர் முள் நடுவிலேயே நிற்கும், இன்ஜினின் தலைப்பகுதியை அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஜாக்கியை அடியில் ஓடும் அந்தக் குழாய்கள்மேல் வைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1999இல் வந்த மூன்றாம் தலைமுறையில் டர்போவை விட்டுவிட்டு ஒரு டன்னுக்கே எடையை இறக்கினார்கள். 1.8 லிட்டர் இன்ஜின், முன் 185, பின் 205. அதன் தொடக்க வருஷ இன்ஜின்கள் ஆயில் குடிக்கும், வாரம் ஒருமுறை ஆயில் கம்பியைப் பார்க்க வேண்டும்.

ஆகவே திருத்தம் வெளியிடும்போது இரண்டு வரியாகப் போடுங்கள். 14 அங்குல வீல் உள்ள இரண்டாம் தலைமுறையின் தொடக்க வருஷ வண்டிகளுக்கு முன் 195/60, பின் 205/60. திருத்திய 15 அங்குல வண்டிகளுக்கு முன் 195/55, பின் 225/50. கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வட்டாரப் பட்டறைத் தொழிலாளர்கள்,
பாலக்காடு மாவட்டம்