காலித் தூக்குப்போசி

அன்புள்ள சரசு,

திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

போன ஆடியிலிருந்து நீ போன் போட்டபோதெல்லாம் "அம்மா வாய்க்கால் பக்கம் போயிருக்காங்க, அங்க சிக்னல் இல்லீங்க பெரியம்மா" என்று பையனைச் சொல்ல வைத்தது நான்தான். இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், 21 நாளுக்கு ஒன்றாக 8 கீமோ, அப்புறம் 15 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. மாசியில் எல்லாம் முடிந்தது. தலையில் முடி இப்போதுதான் நாற்றங்கால் மாதிரி பச்சை பிடிக்கிறது, நம் பி.டி. டீச்சர் பார்த்தால் ரெட்டை ஜடை எங்கே என்று கேட்க மாட்டார். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

உன் தங்கைக்கும் அதே என்று வசந்தி நேற்றுச் சொன்னாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் என்றால் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன்.

வாந்தி, முடி கொட்டுவது எல்லாம் ஊரே சொல்லும். சிவப்பாக ஒரு மருந்து ஏற்றுவார்கள், அன்றைக்கு ஒன்றுக்கும் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று நான் கத்தியதில் பக்கத்து வார்டு கூடிவிட்டது. அதெல்லாம் போகட்டும். யாரும் சொல்லாதது அந்த அலுப்பு. மஞ்சள் வெட்டிய அன்றைக்கு வருமே, அந்த அலுப்பு இல்லை. அது படுத்தால் போய்விடும். இது பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். ஒரு நாள் ஜாக்கெட்டுக்கு மூன்று கொக்கி போட்டேன், நாலாவதுக்குத் தெம்பில்லாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம். அன்றைக்குத்தான் பயந்தேன் சரசு, கட்டி என்று சொன்ன நாளில்கூட அவ்வளவு பயமில்லை.

அத்தை தங்கமானவர், உனக்குத் தெரியும். "நீ அசையாதே சாமி" என்று குடத்தைக்கூடத் தொட விடவில்லை. அசையாமல் கிடந்தேன். கிடக்கக் கிடக்க அலுப்பு கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார்கள். என் மகள் வயசுதான் இருக்கும். "படுத்தே இருந்தா சதை கரையும்ங்கம்மா, சதை கரைஞ்சா சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும், மூச்சு வாங்குதுன்னு மறுபடி படுப்பீங்க" என்றாள். அரை மணி நேர நடை, வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து இந்த அலுப்புக்குச் சொன்ன கணக்காம். எவ்வளவு வேகம் என்றேன். பேச முடியணும், பாட முடியக் கூடாது என்றாள். நான் உட்கார்ந்துகொண்டே பாட முடியாதவள் என்று உனக்கும் ஹாஸ்டல் வார்டனுக்கும்தான் தெரியும்.

பங்குனியில் ஆரம்பித்தேன். முதல் நாள் வாசலிலிருந்து கட்டுத்தறி வரை. மறு வாரம் வாய்க்கால் மேட்டில் இரண்டு கரண்ட் கம்பம். சிரமம் காலில் இல்லையடி, ஊரில்தான். நம் ஊரில் காரணம் இல்லாமல் ஒருத்தி நடந்தால் விடுவார்களா? வண்டிக்கு வண்டி நிறுத்தி "ஏறிக்குங்கக்கா, எங்கீங்க போகணும்?" என்கிறார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் வீட்டில் சண்டையா என்று பார்க்கிறார்கள். அதனால் கையில் ஒரு தூக்குப்போசி வைத்துக்கொண்டேன், பால் சொசைட்டிக்குப் போகிற மாதிரி. காலிப் போசி. இப்போது பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டது. இருபத்தாறு கம்பம் போய்த் திரும்புகிறேன். அலுப்பு மொத்தமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு எட்டிப் பார்க்கும். ஆனால் கொக்கி நாலும் ஒரே மூச்சில் போடுகிறேன்.

போசியில் இப்போது கால் பங்கு தண்ணீர் ஊற்றி, ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் தூக்குகிறேன். அத்தைக்குத் தெரிந்தால் கொலை விழும். அந்தக் கையில் எதையும் தூக்கினால் வீங்கும் என்றுதான் முன்பெல்லாம் சொல்வார்கள். 2009-ல் அமெரிக்காவில் கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துப் பார்த்ததில், கொஞ்சம் கொஞ்சமாகப் பளுவைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லையாம். கொஞ்சம் கொஞ்சமாக, அதுதான் முக்கியம். கை கனத்தாலோ மோதிரம் இறுகினாலோ நிறுத்திவிட்டு வந்து காட்டச் சொல்லியிருக்கிறாள் அந்தப் பிசியோதெரபி பெண்.

நான் எல்லாம் முடிந்த பிறகு தொடங்கினேன். கீமோ ஓடும்போதே நடக்கலாமாம், அதைத் தெரியாமல் ஆறு மாதம் வீணாக்கினேன். உன் தங்கையை அந்தத் தப்பைச் செய்ய விடாதே. முதலில் அவள் டாக்டரிடம் கேள்; எலும்பில் ஏதாவது இருந்தால் கணக்கே வேறு. காய்ச்சல் அடித்தால் நடை கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. ஊசி போட்டு வந்த மூன்று நாலு நாள் ரொம்ப மோசமாக இருக்கும், அன்றைக்கு வாசல் வரை போனாலே போதும். உன் அம்மா "படுத்துக்கோ கண்ணு" என்பார். அவரோடு சண்டை போட உன்னால்தான் முடியும், அந்தச் சைக்கிள் விஷயத்திலேயே ஜெயித்தவளாயிற்றே.

அவளைப் பேசச் சொல், எந்நேரமானாலும். நீயும் போடு. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை மட்டும் வேண்டாம். வாய்க்கால் மேட்டில் இருப்பேன், அங்கே நிஜமாகவே சிக்னல் கிடையாது.

உன்,
மல்லிகா