பீட்டர் மாகனைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவச் சபையினர் என்றாலே நம் பத்திரிகைகளில் அவர்களின் அன்றைய தலைவர் பிரிகாம் யங், பலதார மணம், அதோடு சரி. பீட்டர் மாகன் மாதிரி ஆட்களைப் பற்றியும் எழுதுங்கள். 1811இல் இங்கிலாந்தில் பிறந்து, ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்து, அப்புறம் இந்தச் சபையில் சேர்ந்து அமெரிக்கா போனவர். யூட்டாவின் டுவிலா பள்ளத்தாக்கில் வெட்டுக்கிளியும் உப்பு மண்ணும் விவசாயத்தைக் கெடுத்ததால், 1856இல் சில குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு குளிர் மிகுந்த கேச் பள்ளத்தாக்குக்குப் போனார். நிறைமாதமாக வண்டியில் வந்த மனைவி மேரி ஆனுக்குப் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. நினைத்தாலே மனசு பதறுகிறது.

பிஷப் என்றதும் நமக்கு அங்கியும் மாளிகையும் நினைவுக்கு வரும். மாகன் போன்ற பிஷப்புகள் ஏர் பிடித்தவர்கள். தசமபாகமாக, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்காக வரும் கோதுமையையும் வெண்ணெயையும் வாங்கி வைத்து, இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஊர்த் தகராறுகளையும் தீர்த்து வைக்க வேண்டும். 1871இல் இறக்கும்வரை அவர் அந்தப் பள்ளத்தாக்குக்குத் தலைமைப் பிஷப்.

ஆனால் அது ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1863 ஜனவரியில் பேர் (Bear) என்ற ஆற்றின் கரையில் அமெரிக்க ராணுவம் அவர்களை நூற்றுக்கணக்கில் கொன்றபோது, கடவுளே தலையிட்டதாகக் குடியேறிகள் எழுதி வைத்தார்கள். எழுதும்போது இதையும் விட்டுவிடாதீர்கள்.