ஜூனில் அணியைக் கைவிடாதீர்கள்: நம் ஃபுட்டி ஃபேன்டசி லீக் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, ஆஸ்திரேலிய ஃபுட்பால் களத்தில் அவர்கள் எடுக்கும் புள்ளிகளால் வாரவாரம் ஒருவரோடொருவர் மோதும் நம் லீக்கின் மற்ற 17 பேருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு மார்ச்சிலும் நம் வாட்ஸ்அப் குழு தூங்குவதே இல்லை. யாரைக் கேப்டனாகப் போடலாம், எந்த ரூக்கிக்கு, அதாவது புதுமுகத்துக்கு, முதல் வாரமே இடம் கிடைக்கும் என்று நள்ளிரவு வரை பேச்சு. ஜூன் வந்ததும் பாதிப் பேர் அணியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. காரணம், சில கிளப்புகளுக்கு ஆட்டமே இல்லாத, பை ரவுண்ட் எனப்படும் ஓய்வு வாரங்கள். "என் ஆட்கள் பத்துப் பேர் இந்த வாரம் இல்லை, இனி என்ன செய்து என்ன" என்று விட்டுவிடுகிறீர்கள். போன ஆண்டு அப்படி விட்டவர்களில் மூன்று பேர் அதுவரை முதல் ஆறு இடங்களுக்குள் இருந்தவர்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஓய்வு வாரம் காயம் மாதிரி திடீரென்று வருவதில்லை. ஏ.எஃப்.எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) அட்டவணை வெளியாகும் நாளிலேயே எந்த கிளப் எப்போது ஓய்வெடுக்கிறது என்று தெரிந்துவிடும். 18 கிளப்புகளும் சீசன் நடுவில் முறைவைத்து ஒரு வாரம் ஓய்வெடுக்கும். 2024இல் ஓப்பனிங் ரவுண்ட் (சில கிளப்புகள் மட்டும் ஆடும் தொடக்கச் சுற்று) வந்த பிறகு, அதில் ஆடும் கிளப்புகளுக்குத் தொடக்க வாரங்களில் இன்னொரு ஓய்வும் உண்டு. 2025இல் ஆல்ஃபிரட் புயலால் அந்த ரவுண்டின் இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போனது உண்மைதான். ஆனால் அப்படி நடப்பது அபூர்வம்.

சரி, கணக்குக்கு வருவோம். நம் அணியில் 30 பேர்: களத்தில் 22, பெஞ்சில் 8. சீசன் நடுவிலான ஓய்வு வாரங்களில் களத்தில் இருப்பவர்களில் அதிக புள்ளி எடுத்த 18 பேருடைய புள்ளிகள்தான் சேரும். பலர் இதைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறீர்கள். நான்கு பேர் பூஜ்யம் எடுத்தாலும் நமக்கு நஷ்டம் இல்லை, 18 பேர் ஆடினால் போதும். ஒரு வாரத்தில் ஆறு கிளப்புகள் ஓய்வென்று வைத்துக்கொள்ளுங்கள், 2019இல் மூன்று வாரம் தொடர்ந்து அப்படித்தான் இருந்தது. உங்கள் 30 பேர் எல்லா கிளப்புகளிலும் சமமாகப் பரவியிருந்தால் 20 பேர் மிஞ்சுவார்கள். ஆனால் பெஞ்சில் இருக்கும் மலிவான ரூக்கிகளில் இரண்டு மூன்று பேருக்கு எப்படியும் அந்த வாரம் கிளப்பில் இடம் கிடைக்காது. அப்போது 18ஐத் தொடுவதே இழுபறிதான். இதில் ஒரே கிளப்பிலிருந்து ஐந்து பேரை வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரக் (நடுவர் எறியும் பந்துக்குக் குதித்து மோதும் உயரமான ஆட்டக்காரர்) இடத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். களத்தில் இரண்டே ரக், பெஞ்சில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆடாதவர்கள். மெல்பர்ன் கிளப்பின் மேக்ஸ் கானை வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். ஆனால் இரண்டாவது ரக் மெல்பர்னோடு அதே வாரம் ஓய்வெடுக்கும் கிளப்பிலிருந்து வேண்டாம். ஒரு வருடம் என் இரண்டு ரக்குகளும் ஒரே வாரம் உட்கார்ந்தார்கள். அந்த வாரம் எனக்கு 14 பேர்தான் ஆடினார்கள். என் மச்சானிடம் தோற்ற அந்த ஆட்டம்தான் என்னை பைனல்ஸிலிருந்து வெளியேற்றியது.

அப்புறம் ட்ரேட், அதாவது ஓர் ஆட்டக்காரரை விற்று இன்னொருவரை வாங்குவது. சீசன் நடுவிலான ஓய்வு வாரங்களில் வாரத்துக்கு வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று ட்ரேட் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் மார்ச்சில் வாங்கிய ரூக்கிகளின் விலையும் ஏறி நிற்கும். அடுத்த வாரம் ஓய்வுக்குப் போகிற ரூக்கியை விற்று, ஓய்வு முடித்துத் திரும்பிவிட்ட நல்ல ஆட்டக்காரரை வாங்குங்கள். ஒரே ட்ரேடில் ஆளும் மேம்படும், வரப்போகும் வாரத்தில் எண்ணிக்கையும் கூடும். ஆனால் ஒரு வார ஓய்வுக்காக நிக் டெய்கோஸ் மாதிரி ஒரு நட்சத்திர ஆட்டக்காரரை விற்றுவிட்டு, மறுவாரம் திரும்ப வாங்க ட்ரேட் இல்லாமல் தவிக்காதீர்கள். அவரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், விடுபடும் அந்த நால்வரில் ஒருவராக இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். முதல் ஆட்டத்துக்கு முன் உங்கள் 30 பேரின் பெயருக்கும் பக்கத்தில் ஓய்வு வாரத்தை எழுதி, வாரவாரியாக எண்ணிப் பாருங்கள். எந்த வாரத்திலாவது 18க்குக் கீழே வந்தால் அப்போதே ஒருவரை மாற்றிவிடலாம். இரண்டாவது, ஜூனில் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் அணியைத் திறந்து ட்ரேட் செய்யுங்கள். ஆளே இல்லாத அணியை வெல்வதில் எதிரில் ஆடுபவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. போன ஜூனில் அப்படி மூன்று வாரம் வென்றவன் நான்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு மதியம் டாண்டினாங்கில் என் வீட்டுக்கு வாருங்கள். அட்டவணையைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். ஆளுக்கொரு பேனாவும் உங்கள் 30 பேர் பட்டியலும் கொண்டுவந்தால் போதும், சாப்பாடு என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் லீக் பொறுப்பாளர்