விடையோடு செய்முறையையும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வை ஒட்டி நீங்கள் வெளியிடும் அறிவியல் வினா-விடைப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறேன். பெங்களூரில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் குறைவுதான். ஆனாலும் எங்கள் ஸ்ரீராமபுரத்தில் அப்பாவோ தாத்தாவோ உங்கள் பக்கத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க, பிள்ளை இங்கிலீஷும் கன்னடமும் கலந்து பதில் சொல்வதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒளி பற்றிய பகுதியில், 'குவிலென்ஸின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் முழு பிம்பம் கிடைக்குமா?' என்று கேட்டு, 'கிடைக்கும், பிரகாசம் குறையும்' என்று விடை தந்திருந்தீர்கள். விடை சரி. ஆனால் இது மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.ஈ.ஆர்.டி.யின் புத்தகத்தில் உள்ள கேள்வி. விடையைச் சோதனை செய்து சரிபார்க்கும்படியும் அங்கே சொல்லியிருக்கிறது. அதை விட்டுவிட்டீர்கள். உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கடையில் விற்கும் கைடுகளும் டியூஷன் நோட்ஸும் இதையேதான் செய்கின்றன.

பள்ளி ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த விடையைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளையிடம் ஒரு லென்ஸைக் கொடுத்து, பகல் நேரத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெளியே உள்ள கட்டடத்தின் பிம்பத்தை விழவைக்கச் சொல்லுங்கள். 'இப்போது லென்ஸில் பாதியை மூடினால்?' என்று கேளுங்கள். 'பாதிக் கட்டடம் போய்விடும்' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாம் போடும் கதிர்ப்படம் அப்படி. பொருளின் உச்சியிலிருந்து இரண்டே கோடுகள் வரைகிறோம். ஒன்று அச்சுக்கு இணையாகப் போய்க் குவியத்தின் வழியே செல்லும், மற்றது லென்ஸின் நடுவே நேராகப் போகும். அவை போகும் வழி முன்கூட்டியே தெரியும், வரைவது சுலபம், அதனால் அந்த இரண்டை எடுத்துக்கொண்டோம் என்று யாரும் சொல்வதில்லை. மொத்த ஒளியே அந்த இரண்டு கதிர்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. உண்மையில் கட்டடத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் லென்ஸின் பரப்பு முழுவதற்கும் ஒளி வருகிறது. பாதியை அடைத்தாலும், மீதிப் பாதி எல்லாப் புள்ளிகளையும் அதனதன் இடத்தில் சேர்த்துவிடும். வந்து சேரும் ஒளி பாதியாவதால் மங்குகிறது, அவ்வளவே. அட்டையை வைத்தும் கட்டடம் முழுசாக நிற்பதைப் பார்த்துப் பிள்ளை முழிக்கும். அப்புறம் விளக்கினால் காதில் ஏறும்.

மின்சாரப் பாடத்தில் சிக்கல் வேறு மாதிரி. புத்தகம் டங்ஸ்டன் இழை பல்பை வைத்துப் பேசுகிறது. இன்றைய பிள்ளைகள் வீட்டில் பார்ப்பதெல்லாம் எல்.ஈ.டி. சரி, அதையே வைத்துச் செய்து பார்ப்போம் என்று ஒரு வெள்ளை எல்.ஈ.டி.யை ஒற்றைப் பென்சில் செல்லில் இணைத்தால் எரியாது. அதற்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், செல் தருவது 1.5. இரண்டு செல் போட்டாலும் முனை மாறினால் எரியாது. ஓம் விதிக்கும் அது அடங்காது. இழை உள்ள டார்ச் பல்புகள்தான் பாடத்துக்குப் பொருத்தம், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எங்கள் எஸ்.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கும். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்துப் பாருங்கள். முதல் பல்பு கரண்டைக் குடித்துவிடும், இரண்டாவது மங்கலாக எரியும் என்று எதிர்பார்த்த பிள்ளை, இரண்டும் ஒன்றுபோல எரிவதைப் பார்க்கும்.

உதாரணங்களுக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 150 கி.மீ. தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். நம்மில் பலருடைய தாத்தாக்கள் உழைத்த இடம். அவ்வளவு தூரத்துக்கு ஏன் உயர் மின்னழுத்தம்? மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதி போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது கால் பங்காகக் குறையும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வெப்பம் மாறும் என்ற சூத்திரத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது எங்கே வேலை செய்தது என்றுதான் தெரியாது.

2022-இல் என்.சி.ஈ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைத்தபோது, பத்தாம் வகுப்பிலிருந்து மோட்டாரையும் ஜெனரேட்டரையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். மிச்சமான நேரமாவது செய்முறைக்குப் போயிருந்தால் பரவாயில்லை. மாதிரித் தேர்வுகள்தான் கூடியிருக்கின்றன.

நான் கேட்பது சின்ன விஷயம். வாரம் ஒரு கேள்விக்காவது, விடைக்கு மேலே 'முதலில் செய்து பாருங்கள்' என்று நாலு வரி போடுங்கள். செலவு அதிகம் ஆகாதபடி, வீட்டில் கிடைக்கும் பொருளாக இருக்கட்டும். கூடவே, லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக்கைத் தொடாமல் செல்லை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும், செல்லின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைக்கக் கூடாது என்ற மூன்றையும் ஒவ்வொரு தடவையும் தடித்த எழுத்தில் அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு